மகள் அறையின் ஆம்பியர் கணக்கு

மகள் காய்ச்சலில் இறந்து ஆறு வாரம் கழித்து, பல்பும் ஃபேனும் கழற்றப்பட்ட அவளுடைய அறை கால் ஆம்பியர் மின்சாரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. அன்று செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணி. அப்பா மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் சக்கரம் ஓடுவதைப் பார்த்து, எங்கோ லீக்கேஜ் என்றுதான் முதலில் நினைத்தார். பட்டறையிலிருந்து கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொரு வயராகக் கவ்விப் பார்த்தார். மற்றவை எல்லாம் பூஜ்யம் காட்ட, மகள் அறைக்குப் போகும் வயர் மட்டும் 0.25 காட்டியது. மறுநாள் சுவரைக் கொத்தி, பழைய வயரை உருவி எறிந்துவிட்டுப் புதிது இழுத்தார். ஆறரைக்கு மறுபடியும் 0.25. மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலி ஹோல்டரைத் தட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். வேறு என்னதான் செய்வார்கள், பாவம்.

லீக்கேஜ் என்றால் ஈரமான நாளில் ஏறும், காய்ந்த நாளில் இறங்கும். இது பிடிவாதமாக ஒரே எண்ணில் நின்றது. காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் கணக்குப் போட்டார். 240 வோல்ட்டை 0.25ஆல் வகுத்தால் தடை 960 ஓம். இரண்டையும் பெருக்கினால் 60 வாட். அறுபது வாட் குண்டு பல்ப், மகளின் மேஜைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த அதே பல்ப். வாசற்படியில் நின்றிருந்த மனைவி, "என்னவாம்?" என்று கேட்டாள். "லைட்டு போட்டிருக்கா. படிக்கிறா போல" என்றார். அவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். சாவு வீட்டிலும் அவள் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அவருக்கும் அப்படித்தான்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. வெயில் காலத்தில் அளவு 0.55க்கு ஏறும். பல்பைக் கழித்தால் 0.30, அதாவது 72 வாட். ஃபேன். மோட்டாருக்கு இந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது என்று அவரே சொல்வார், ஆனால் மகளை விசாரிக்க இது போதும். சில காலை வேளைகளில் பத்து நிமிஷம் மூன்று ஆம்பியருக்கு மேல் போகும். அது இஸ்திரிப் பெட்டி, எங்கேயோ கிளம்புகிறாள். மாலையில் தெருவுக்கே வோல்ட்டேஜ் 180க்கு விழும் நாட்களில் மட்டும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தடை அதே 960 என்று வைத்துக்கொண்டால் பல்புக்குக் கிடைப்பது 34 வாட்தான், பாதிக்குக் கொஞ்சம் மேலே. "கண்ணு கெட்டுடும்" என்று முணுமுணுத்தபடி ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி, அந்த வயருக்கு மட்டும் மாட்டினார். ஹாலில் அவர்கள் இருவரும் மங்கலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மனைவிக்கு வாட்டும் ஓமும் வேண்டியிருக்கவில்லை. தினமும் ஒரே கேள்விதான். "ஏங்க, தனியாவா இருக்கா?"

"அது மீட்டர்ல தெரியாதும்மா. பல்பு எரியுதுன்னுதான் தெரியும். அதுக்குக் கீழ எத்தனை பேருன்னு எப்படிச் சொல்றது?"

அவள் மேற்கொண்டு கேட்க மாட்டாள். மறுநாள் கேட்பாள்.

ஐந்தாம் வருஷக் கோடையில், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவள் எழுந்திருக்கவில்லை. அவர் அப்போதும் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், போனவர்களுக்குத் தலையாட்டினார். பதினோரு நாள் கிளாம்ப் மீட்டரைத் தொடவே இல்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அவளும் அங்கேதான் போயிருப்பாள் என்று நம்பிக்கொண்டிருப்பது ஒன்று. இல்லை என்று மீட்டர் சொல்லிவிட்டால் பிறகு எதை வைத்துக்கொண்டு இருப்பது?

பன்னிரண்டாம் நாள் மாலை, கடைசி உறவுக்காரரும் பஸ் ஏறிய பிறகு, ஸ்டூலில் ஏறி வயரைக் கவ்வினார். 0.55. ஒரு பல்ப், ஒரு ஃபேன், பழைய எண்தான். அவ்வளவுதான் என்று நினைத்தார். ஆனால் இறங்கக் கால் வரவில்லை.

எண் 0.40க்கு இறங்கியது. பல்பைக் கழித்தால் ஃபேனுக்கு 0.15. ஃபேன் பக்கத் தடை 800 ஓமிலிருந்து 1600 ஆகியிருக்கிறது. யாரோ ரெகுலேட்டரைத் திருப்பிக் குறைத்திருக்கிறார்கள். அரை நிமிஷத்தில் மறுபடி 0.55. உடனே 0.40. மறுபடி 0.55. மகளுக்கு ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும். மனைவிக்கோ அந்தக் காற்று பட்டாலே முட்டி பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்துக்காக அந்த அறையில் நடக்காத சண்டை இல்லை. ஸ்டூல் மேல் நின்றபடியே அவருக்கு அழுகை வந்தது. ஐந்து வருஷத்து அழுகை, சத்தமாக வந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஹாலிலிருந்து எப்போதும் கத்துகிற மாதிரியே கத்தினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மாதான் இருங்களேன்!"

எண் 0.40இல் நின்றது. மறுநாள் பட்டறையில் யாரோ, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். காயில் சுற்றிக்கொண்டிருந்த அவர் தலை நிமிரவில்லை. "நல்லா இருக்காங்க. ஃபேனுக்குத்தான் அடிதடி" என்றார்.