கண்ணுப் பரீட்சை

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கண் பரிசோதனைச் சீட்டில் ‘இரு கண் பார்வையும் நன்று’ என்று முத்திரை குத்தியிருந்தது. நன்றாம்! முந்தின நாள்தான் தையல்காரியின் மகள் வாண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய எவனோ ஒருவனை “அப்பா!” என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பெற்ற அப்பன் பக்கத்திலேயே நின்று விழுந்து விழுந்து சிரித்தான். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்டைப் பார்த்து எழுதாத சோம்பேறி என்று டீச்சர் வாண்டுவைத் தினமும் நிற்க வைத்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் ஸ்கேல் தடம் வேறு.

“ஏண்டி, டாக்டர் படிக்கச் சொன்ன அட்டையில எழுத்தெல்லாம் தெரிஞ்சுதா?”

“எதுக்கும்மா தெரியணும்? எனக்குத்தான் மனப்பாடமாச்சே! டீச்சர் அந்த அட்டைய முன்னாடியே வாங்கி மாட்டி, தினமும் சொல்லிக் குடுத்தாங்க. தப்பா சொன்னா அடி. நம்ம ஸ்கூல்ல கண்ணுப் பரீட்சையில யாருமே ஃபெயில் ஆகக் கூடாதாம்.”

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா! கண்ணுக்குமா பாஸு, ஃபெயிலு? நாளைக்குக் காய்ச்சல் வந்தால் தர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கிவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்பார்களோ? படித்தவர்கள் செய்கிற வேலையா இது?

மறுநாள் காலை, சீருடைச் சட்டைக்கு எடுத்து வைத்த வெள்ளைத் துணி தோளில் கிடப்பதுகூடத் தெரியாமல், மகளை இழுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தாள். போர்டுக்குப் பக்கத்தில் அந்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“டாக்டரே எழுதிக் குடுத்தாச்சு,” என்றாள் டீச்சர். “உங்க பொண்ணுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் திமிரு. நீங்களே பாருங்க. ஏய், பின்னாடி போய் நின்னு படி!”

வாண்டு கடைசிச் சுவரோரம் போய் நின்றாள். “ட, ப, ம, ய...” என்று கடகடவென்று கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள்.

“பாத்தீங்களா?”

தையல்காரி விறுவிறுவென்று நடந்துபோய், தோளில் கிடந்த துணியை எடுத்து அட்டையின் மேல் போட்டு மூடினாள். ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை.

“கண்ணு, இன்னொரு தரம் படிடா.”

வாண்டு கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்த வெள்ளைத் துணியையே உற்றுப் பார்த்தாள். “ட, ப, ம, ய...”

முன் வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வாண்டு பயந்துபோய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“தப்பில்லாம சொன்னேன் டீச்சர். அடிக்க மாட்டீங்கல்ல?”

தையல்காரி மேசைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்து டீச்சர் கையில் திணித்தாள்.

“அடிங்க டீச்சர். இப்ப யார அடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க. டாக்டர் திரும்பி வந்து, இந்த அட்டை இல்லாம வேற அட்டைய வெச்சு, ஒவ்வொரு புள்ளையா பாக்கணும். அதுவரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்.”

“ஒரு புள்ளைக்காக எல்லாரையும் மறுபடி...” என்று டீச்சர் இழுத்தாள்.

முன் வரிசையில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. “துணியப் பாத்துப் படிக்குதுடி!”

பின் வரிசையிலிருந்து வேறொரு பிள்ளை பக்கத்தில் இருந்தவளைத் தொட்டுக் கேட்டது.

“எந்தத் துணி?”