சாதாரண முயற்சி

1

அந்தப் பந்து கையுறையைத் தொட்டதா இல்லையா என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. இந்தக் கதையில் தெரிந்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை கிளம்பிய விதம் இது. போன அக்டோபரில் டெக்சஸ் ஆலனிலிருந்து சயந்தினி கூப்பிட்டாள். அவளுடைய தம்பி கபிலாஷ் பதினைந்து வருடம் பேஸ்பால் ஆடிவிட்டு ஓய்வு பெற்றிருந்தான். அவனுக்கு வீட்டில் ஒரு விருந்து. விருந்தில் கொடுக்க ஒரு புத்தகம். புத்தகத்தில் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம்.

"அங்கிள், நீங்கதானே எப்ப பாத்தாலும் வாசிச்சுக்கொண்டு இருப்பீங்கள். ஒரு பேஜ். இங்கிலீஷ்ல. ஃபன்னியா எழுதுங்கோ."

"எனக்கு ஃபன்னியா வராதும்மா."

"தெரியும். ட்ரை பண்ணுங்கோ."

எழுத உட்கார்ந்தேன். இது அந்தப் பக்கம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "கபிலாஷ் தியாகராஜா பதினைந்து பருவங்களில் பதினோரு அணிகளுக்கு ஆடினான்." உண்மைதான். ஆனால் கல்லறையில் வெட்டுகிற வாசகம் போல இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அவன் அவுட்ஃபீல்டர். மைதானத்தின் பின்கோடியில், புல் முடிகிற இடத்தில் நிற்பவன். பந்து வராத நேரங்களில் அவன் மனதில்—"

அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாவது: "பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டிலிருந்து மைதானத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்—"

இது என்னைப் பற்றிப் போகிறது. [என்னைப் பற்றித்தான் போக வேண்டும். அதைத் தள்ளிப்போடத்தான் இத்தனை தொடக்கங்கள்.]

3

பேஸ்பால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பெரிய அணிகளுக்குக் கீழே அவற்றுக்குச் சொந்தமான சிறிய அணிகள் உண்டு. ஏணிப்படிகள் மாதிரி. கபிலாஷ் ஆடியது அந்த ஏணியிலேயே சேராத அணிகளில். இண்டிபெண்டன்ட் லீக் என்பார்கள். யாரும் தேர்ந்தெடுக்காதவர்களும், தேர்ந்தெடுக்கப்பட்டுப் பிறகு கைவிடப்பட்டவர்களும் ஆடுகிற இடம். அங்கிருந்து ஏணிக்குப் போக ஒரே வழி, பெரிய அணியின் ஆள் ஒருவர் வந்து பார்த்து, பிடித்துப்போய், கூட்டிக்கொண்டு போவது. இருபத்தொன்பது வயது ஆட்டக்காரனைப் பார்க்க யாரும் சும்மா வரமாட்டார்கள். ஒரு காரணம் வேண்டும்.

பிரிட்ஜ்வாட்டரில் அவனுடைய அணி ஆடிய மைதானத்தின் அதிகாரபூர்வ ஸ்கோரராக நான் இருந்தேன். வாரநாள் பகலில் மருந்துக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை. மற்ற நேரத்தில் இது. திருச்சியில் கல்லூரி நாட்களில் லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவன் என்பதால் கை பழகியிருந்தது. மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

கிரிக்கெட்டில் ஸ்கோரர் நடந்ததை எழுதுகிறவன். பேஸ்பாலில் அவன் தீர்ப்பும் சொல்ல வேண்டும். பந்தை அடித்தவன் ஓடிப்போய் முதல் பேஸ் என்கிற முனையில் நின்றுவிட்டால், அது அவன் திறமையா, தடுத்திருக்க வேண்டியவனுடைய பிழையா? திறமை என்றால் ஹிட். பிழை என்றால் எரர்; அடித்தவன் கணக்கில் ஒன்றும் சேராது. விதி கேட்பது ஒரே கேள்வி: சாதாரண முயற்சியில் தடுத்திருக்கக்கூடிய பந்தா அது?

சாதாரண முயற்சி என்றால் எவ்வளவு என்று விதிப் புத்தகம் திருப்தியாகச் சொல்லவில்லை.

4

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய ஆட்டம். கபிலாஷ் அதற்கு முன் இருபத்திரண்டு ஆட்டங்களில், ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றிலும் ஒரு ஹிட்டாவது அடித்திருந்தான். அதுதான் அந்தக் காரணம்.

ஆட்டம் தொடங்குமுன் அவனுடைய அப்பா தியாகராஜா ஸ்கோரர் அறைக்குப் படியேறி வந்தார். கையில் நீல மூடி போட்ட பெரிய டப்பா.

"சந்தானம், சாப்பிட்டனீங்களே? மனுசி கலைமகள் விடிய எழும்பிச் செய்தவ. இந்தப் பக்கம் மட்டன் ரோல்ஸ், அந்தப் பக்கம் உங்களுக்கு மரக்கறி. மாறி எடுத்துப் போடாதேங்கோ."

"இங்க வெளியாட்கள் வரக்கூடாது சார்."

"தெரியும், தெரியும். வச்சிட்டுப் போறன். வெறுங்கையோட எப்பிடி வாறது?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பெரிய டீமின்ர ஆள், அந்தத் தொப்பிக்காரன், வந்திட்டான். மூண்டாவது வரிசை. செவ்வாய் வரைக்கும் நிப்பானாம். அதுவரைக்கும் இந்த ஹிட் அறாமல் போனால் எடுக்கிறதெண்டு கோச்சிட்டச் சொல்லியிருக்கிறான். பெடியனுக்கு நான் சொல்லேல்லை. தெரிஞ்சால் ஆட்டம் பிழைச்சிடும்."

அவர் போனபின் பக்கத்தில் இருந்த அறிவிப்பாளர் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆக, இன்றைக்கு உங்கள் பையன் தும்மினால்கூட ஹிட்தான்." அறையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு நான் அந்த ரோல்ஸைத் தொடவில்லை.*

* அப்படித்தான் நினைவு. ஆனால் அன்றைய ஸ்கோர் பக்கத்தின் ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. கட்டைவிரல் அளவு.

கபிலாஷ் முதல் மூன்று முறையும் அவுட். எட்டாவது இன்னிங்ஸில் நான்காவது முறை வந்தான். இனி அவனுக்கு முறை வராது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பந்தைத் தரையோடு அடித்தான். ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்பவர், வலப்பக்கம் நான்கு எட்டு ஓடி, குனிந்து, கையுறையைத் தாழ்த்தினார். பந்து

[இந்த இடத்தில் வாக்கியம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. "பந்து கையுறையில் பட்டுத் தெறித்தது" என்று எழுதினால் எரர். "பந்து கையுறைக்கு அடியில் போனது" என்று எழுதினால் ஹிட். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே கண்முன் வருகின்றன.]

பந்து அவரைத் தாண்டிப் புல்லுக்குப் போனது. கபிலாஷ் முதல் பேஸில் நின்று திரும்பி மேலே, எங்கள் அறையைப் பார்த்தான். அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஒரு வைக்கோல் தொப்பி நிமிர்ந்தது. ஐந்தாறு வினாடி இருக்கும்.

"எரர்" என்றேன்.

5

அடித்தவன் ஒரு வெள்ளைக்காரப் பையனாக இருந்திருந்தால் ஹிட் என்று சொல்லியிருப்பேன். யோசித்திருக்கவே மாட்டேன்.

பந்து பட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பயந்தேன் என்பதில் சந்தேகம் இல்லை. நம் ஆளுக்குச் சாதகமாக நடந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த அறையில் என் நாற்காலி உறுதியாக இருக்க வேண்டும். அலுவலகத்திலும் அப்படித்தான், தமிழ்ப் பெயரோடு வேலைக்கு விண்ணப்பம் வந்தால் மற்றவர்களைவிட இரண்டு கேள்வி அதிகம் கேட்பேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் லீகில் ஸ்கோரர் தன் தீர்ப்பை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாற்றலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். திங்கள் பகல் இரண்டு மணிக்கு தியாகராஜா அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கேக்கக் கூடாது, சந்தானம். கேக்கிறன். மாத்தலாமாமே?"

"மாத்தலாம் சார். நாலரை வரைக்கும்."

"அப்ப?"

நான் பேசவில்லை. மௌனம் எனக்குப் பழக்கமான இடம். அதற்குள் போனால் யாரும் பின்னால் வரமாட்டார்கள் என்று தெரியும். அவர் பின்னால் வந்தார். அவரும் பேசாமல் இருந்தார். தொலைபேசியில் அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி. விடுங்கோ" என்றார் கடைசியில். "நீங்கள் நேர்மையான ஆள். எனக்குத் தெரியும்."

நாலரை ஆயிற்று. தொப்பிக்காரர் செவ்வாய் வரை இருக்கவில்லை. அன்று மாலையே பென்சில்வேனியாவுக்குப் போய், வேறொரு அவுட்ஃபீல்டரைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

6

இதற்குப் பிறகு அவன் எட்டு வருடம் ஆடினான். கதைக்கு இது அசௌகரியமான விஷயம். உடைந்துபோய் மட்டையை வீசியிருந்தால் எழுத எளிதாக இருக்கும். அவன் டெக்சஸில் ஒரு மைதானத்தில் மூன்று பருவம் ஆடினான். அங்கே பார்வையாளர்களைவிட விளக்குக் கம்பத்துப் பூச்சிகள் அதிகம் என்று சயந்தினி சொல்வாள். பே ஏரியாவில் இரண்டு வருடம், ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டு மாடியில் தங்கி ஆடினான். குளிர்காலங்களில் பார்சல் வேன் ஓட்டினான். தோளில் ஒரு அறுவை சிகிச்சை. மறுபடி ஏப்ரல், மறுபடி வேறொரு சட்டை. எந்தத் தொப்பியும் மறுபடி அவனைத் தேடி வரவில்லை.

அந்த டப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நீல மூடி டப்பா ஒன்பது வருடமாக எங்கள் கராஜில், பெயின்ட் டின்களுக்குப் பின்னால் இருக்கிறது. எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை கார் எடுக்கும்போதும் அந்த நீலம் என்னை—

இதை என் மனைவி ருக்மிணியிடம் வாசித்துக் காட்டினேன்.

"எந்த டப்பா?"

"தியாகராஜா கொண்டுவந்த ரோல்ஸ் டப்பா."

"அதை அடுத்த வாரமே குடுத்துட்டேனே. கோயில்ல கலைமகள் அக்காவைப் பாத்தேன், லட்டு போட்டுக் குடுத்தேன். நீங்க கார்லதான் உக்காந்திருந்தீங்க. எறங்கவே இல்ல."

"அப்ப கராஜ்ல இருக்கறது?"

"அது கிறிஸ்துமஸ் லைட் வைக்கிற டப்பா. காஸ்ட்கோல வாங்கினது. மூடி பச்சை."

போய்ப் பார்த்தேன். பச்சைதான்.

ஆகவே வாசகர் இந்தப் பகுதியை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது வருடம் தினமும் பார்த்த மூடியின் நிறத்தையே சரியாகச் சொல்ல முடியாதவன், ஒரு வினாடி பார்த்த கையுறையைப் பற்றி என்ன சாட்சி சொல்ல முடியும்?

7

முடிவுகள்.

முதல் முடிவு. நான் நாலு இருபதுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறேன். எரர், ஹிட் ஆகிறது. இருபத்துமூன்று. தொப்பிக்காரர் செவ்வாய்க்கிழமை வரை தங்குகிறார். கபிலாஷ் ஏணியில் ஏறுகிறான், பெரிய மைதானம், நாற்பதாயிரம் பேர்— இதற்கு மேல் எழுத வரவில்லை. அவனை ஆயிரம் பேருக்கு முன்னால் மட்டுமே பார்த்திருக்கிறேன். மேலும், செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் அவன் ஒன்றுமே அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தையும் நான்தான் எழுதினேன். [இதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். காப்பாற்ற அந்த ஹிட் தொடர் இருந்திருந்தால் அவன் செவ்வாய் எப்படி ஆடியிருப்பான் என்பது யாருக்கும் தெரியாது.]

இரண்டாவது முடிவு. நான் அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். அவன் சிரிக்கிறான். "அங்கிள், கம் ஆன். அது எரர்தான். ஈஸி பால். ஐ நியூ இட்." எனக்கு அழுகை வருகிறது. நன்றாக வந்திருந்தது இந்தப் பகுதி. இரண்டு பக்கம் எழுதினேன். பிறகுதான் கவனித்தேன், அவன் வாயில் எனக்குத் தேவையான வார்த்தைகளை நானே போட்டிருந்தேன். அவனுடைய ஹிட்டை எடுத்தது போதாதென்று மன்னிப்பையும் எடுத்துக்கொள்கிறேன். கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. நான்கு வருடம் முன்பு ஜனவரியில், தியாகராஜாவின் இறுதிச் சடங்கு. வெளியே வாகன நிறுத்தத்தில் பனியை ஓரமாகத் தள்ளிக் குவித்திருந்தார்கள். கபிலாஷ் பொருந்தாத கறுப்புக் கோட்டில் தனியாக நின்றிருந்தான். காரில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன். "கபில், அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை நான்" என்று தொடங்கும். அருகில் போனேன்.

"தேங்க்ஸ் ஃபார் கமிங், அங்கிள்" என்றான்.

"சாப்பிட்டியாப்பா?" என்றேன்.

"யெஸ், அங்கிள். யூ?"

"ம்."

இரண்டு பேரும் பனிக்குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் ஏதோ சொல்லக் காத்திருந்தது போல இருந்தது. நான் சொல்வதற்குக் காத்திருந்தானோ என்னவோ. பிறகு யாரோ அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. உங்களில் சிலர் ஆலனில், ஃபிரிஸ்கோவில் குடியிருக்கிறீர்கள். உங்கள் பையனை சனிக்கிழமை காலை பேட்டிங் கோச்சிங்குக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போகிறீர்கள். வலைக்கு அந்தப் பக்கம் வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்கும், முப்பத்தெட்டு வயது ஆள் ஒருவரைப் பார்த்தால், இதைச் சொல்லலாம். சொல்லாமல் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு யோசனையும் என்னிடமிருந்து எதிர்பார்க்காதீர்கள். நான் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு சொன்னவன்.

8

தியாகராஜா இறந்துவிட்டார். கலைமகள் ஆலனில் மகள் வீட்டில் இருக்கிறார். இப்போதும் ரோல்ஸ் செய்கிறார். தொப்பிக்காரரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அறிவிப்பாளர் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். அந்த ஷார்ட்ஸ்டாப் ஒஹையோவில் வீடு விற்கும் தொழில் செய்கிறார். இணையத்தில் அவர் எண் இருக்கிறது. பந்து பட்டதா என்று அவரைக் கேட்கலாம். கேட்கவில்லை.

நான் அதற்குப் பிறகு மூன்று பருவம் ஸ்கோர் எழுதினேன். பிறகு விட்டுவிட்டேன். ருக்மிணி நலம். அவள் இதை முழுதாகக் கேட்டுவிட்டு, "போஸ்ட் பண்ணுங்க" என்றாள். பிறகு ஒருநாள், "பண்ணீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சயந்தினிக்கு ஒரு பக்கம் அனுப்பினேன், ஆங்கிலத்தில். ஒன்பது ரன் பின்தங்கியிருந்தாலும் தன் இடத்துக்கு அவன் நடந்து போனதில்லை, ஓடித்தான் போவான் என்று எழுதியிருந்தேன். "சோ ஸ்வீட், அங்கிள்" என்று பதில் வந்தது.

எட்டாவது இன்னிங்ஸ் கட்டத்தில் எரர் என்றே இருக்கிறது.

கபிலாஷ் ஆலனில் பிள்ளைகளுக்கு பேட்டிங் சொல்லிக்கொடுக்கிறான். தமிழில் பேசினால் அவனுக்கு எல்லாம் புரியும். வாசிக்கத் தெரியாது.