கையை விடணும்

நான் இறுக்கமான கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, உடம்பைப் பார்த்து எல்லாரும் தூண் என்று கூப்பிடுகிறவன் குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் முதுகு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு அளவுப் பந்துகள் ஒட்டியிருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. நான் வருவதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் வருவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

“தங்கச்சி, நீயா?”

“ஏன், வேற யாரை எதிர்பார்த்த? உன்னைத் தூக்கிப் போடப்போற பொம்பள நான்தான்.”

சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியதோடு சரி. ஒருகாலத்தில் இவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அம்மா இவன் தட்டைப் பார்த்துவிட்டு, “பானையையே முன்னால வச்சிடட்டுமா?” என்று கேட்பாள். என் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான்.

சண்டைக் காட்சிகளில் அடி வாங்குவதும் விழுவதும் எனக்கும் தம்பிக்கும் தூணுக்கும் பிழைப்பு. இன்றைக்கு வந்திருப்பது சினிமாவுக்கு இல்லை, வீடியோ கேமுக்கு. சுற்றிலும் சுவரில் கேமராக்கள். அவற்றுக்கு மூக்கும் முழியும் தேவையில்லை. உடம்பில் ஒட்டியிருக்கும் பந்துகள் மட்டும் தெரிந்தால் போதும். கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளைக் கோத்து ஒரு எலும்புக்கூடு செய்யும். பிறகு யாரோ அதற்குத் தோலும் துணியும் வரைவார்கள். கேமில் நான் ஒல்லியான சண்டைக்காரி. தூண் மலைபோன்ற முரடன். அவனை இடுப்பில் ஏற்றித் தூக்கி எறிய வேண்டும். தரையில் இரும்புத் தகடுகள் பதித்திருந்தார்கள். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அவை கோடாகத் திரையில் காட்டும்.

“இப்ப விளையாடுறவங்களை ஏமாத்த முடியாதுங்க. எடை எங்க இருந்து எங்க போகுதுன்னு பார்த்தே கண்டுபிடிச்சிடுறாங்க. அதான் நிஜ ஆளுங்களை வச்சு எடுக்கிறோம்” என்றார் கேமராக்களை இயக்கும் இன்ஜினியர். இளைஞர்தான். எல்லாரையும் வாங்க போங்க என்றே பேசினார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் தம்பி படுத்தபடி விளையாடுவது இந்த மாதிரி கேம்கள்தான். நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாது. கை நன்றாக வேலை செய்யும். திரையில் ஒருவன் அந்தரத்தில் நின்றுகொண்டு இரண்டாவது முறை எம்பினால் கத்துவான். “காத்துல நிக்கிற பய எதை மிதிச்சு மறுபடி எம்புறான், அக்கா?” பறந்துகொண்டே தாடையில் குத்துகிறவனையும் விடமாட்டான். “குத்து தரையில இருந்து வரணும்க்கா. பாதம் தரையைத் தள்ளணும், இடுப்பு திரும்பணும், தோள் வாங்கிக் கையில குடுக்கணும். கால் தரையில இல்லேன்னா அது குத்தா, கொசு விரட்டுறதா?” இதைச் சொல்கிறவனின் பாதத்தில் அம்மா சுடுதண்ணீரைத் தவறிக் கொட்டினால்கூட அவனுக்குத் தெரியாது. ஒருமுறை கொட்டிவிட்டாள். கொப்புளம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இடுப்பு எறிதலை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அம்மா கட்டட வேலையில் சித்தாள். வயசுக்கு வருவதற்கு முன்பே நானும் சும்மாடு கட்டிக்கொண்டு மணல் சட்டி தூக்கினேன். கனத்தைக் கையால் தூக்குகிறவன் சாயங்காலத்துக்குள் சாய்ந்துவிடுவான். கனத்துக்கு அடியில் போய் நிற்பவள் மறுநாளும் வேலைக்கு வருவாள். ஆளைத் தூக்குவதும் அப்படித்தான். என் இடுப்பு எதிராளியின் தொப்புளுக்குக் கீழே போய்விட்டால் அவன் பாரம் முழுக்க என் இடுப்பைச் சுற்றித்தான் திரும்பியாக வேண்டும். ஆனால் ஒன்று. அவன் கையைக் கடைசி வரைக்கும் விடக் கூடாது. விழுகிற நேரத்தில் அதைக் கொஞ்சம் மேலே இழுத்துக் கொடுக்க வேண்டும். அப்போது தலை தூக்கிக்கொள்ளும். முதுகு மொத்தமும் தரையில் பட்டு அடியைப் பங்கு போட்டுக்கொள்ளும். பாதி திரும்புவதற்குள் கையை விட்டால் தலை முன்னால் போகும். முதுகும் தோளும் வாங்க வேண்டியதைக் கழுத்து மட்டும் வாங்கும்.

ஒரு சினிமாச் சண்டையில் தூண் என் தம்பியின் கையைப் பாதியில் விட்டான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கம்பளத்துக்கு அடியில் இருந்த மெத்தை பாய் கனத்துக்குத்தான் இருந்தது. வழுக்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு இவன் ஒருநாள் வந்தான், வாசலோடு போய்விட்டான். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

“ஒரு விஷயம்” என்றார் இன்ஜினியர். “நிஜத்துல போடுறவங்க கையை விடமாட்டாங்க, தெரியும். ஆனா இதுல இவரு பறந்து போய் விழணும். இடுப்புல ஏறின உடனே நீங்க கையை விடணும். தைரியமா விடுங்க, மெத்தை இருக்கு.”

நான் தூணைப் பார்த்தேன். அவன் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“விட்டுடலாம்” என்றேன்.

முதல் முறை அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே திரும்பினேன். இடுப்பைக் கொடுத்தேன். நகரவில்லை. ஈரச் சிமெண்ட் மூட்டை மாதிரி என் முதுகில் கிடந்தான். மறுபடியும் முயன்றோம். அதேதான்.

இன்ஜினியர் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “அண்ணன் எம்பவே இல்லையே. அவரு காலுக்குக் கீழ கோடு அப்படியே படுத்துக் கிடக்கு.”

“அவன் எம்பினாத்தான் நான் தூக்க முடியும்” என்றேன். “ஒரு ஆளைத் தூக்குறதுக்கு ரெண்டு பேரு வேணும் சார். தூக்குறவளும், தூக்கக் குடுக்கிறவனும்.”

“அட, அப்ப சண்டையே ஒரு ஒப்பந்தம்தானா?” என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த உதவியாளர் பெண்ணும் சிரித்தாள். புள்ளி ஏதோ சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு பேரும் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

நான் தூணின் கையை விடாமல் நின்றேன். அவன் உள்ளங்கை பிசுபிசுத்தது. அவ்வளவு பெரிய உடம்பு என்னைக் கண்டு தரையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் சோறு தின்றேன் என்று தோன்றியது.

“எம்பு” என்றேன், மெதுவாக.

“தங்கச்சி, அன்னைக்கு டைரக்டர்தான் விடச் சொன்னாரு.”

“எனக்கும்தான் சொல்லிட்டாங்க. கேட்டியே.”

“நான் வேணும்னு பண்ணல.”

“விடப்போறேன்னு அவன்கிட்ட சொன்னியா?”

“சொல்ல வேணாம்னாங்க. மூஞ்சியில பயம் நிஜமா தெரியணும்னு...”

இவ்வளவு நாளும் வழுக்கியதாகவே நினைத்துக் கொதித்திருக்கிறேன். வழுக்கவில்லை. கை வேண்டுமென்றே திறந்திருக்கிறது. என் தம்பியின் முகத்தில் ஒரு பயம் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அந்த இடம் இருக்கிறது. நான் பார்த்ததில்லை. நன்றாக வந்திருக்கும்.

“நான் பரவாயில்ல பாரு” என்றேன். “உனக்குச் சொல்லிட்டேன், விடப்போறேன்னு. எம்பு.”

இன்ஜினியர் கையைத் தூக்கினார். திரும்பினேன். இந்த முறை தூண் எம்பினான். என் இடுப்பில் ஏறியவன் உச்சிக்குப் போனபோது கனம் காணாமல் போயிற்று. எந்தத் தகட்டிலும் அவன் இல்லை, என் மேலும் இல்லை. அவன் பாதிதான் திரும்பியிருந்தான். என் உடம்புக்கு அது தெரியும். மணல் சட்டி சாய்வதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்ட உடம்பு. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பொறுக்கவில்லை. விட்டேன்.

கேமில் கேட்கிற மாதிரி இடிச் சத்தமெல்லாம் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒன்று. கடைசி நொடியில் தூண் மோவாயை நெஞ்சோடு ஒட்டவைத்திருந்தான். தோளும் பிடரியும் சேர்ந்து மெத்தையில் புதைந்து, பிறகு உடம்பு மடங்கி வந்து சரிந்தது.

“அண்ணே?” என்றார் இன்ஜினியர். நாற்காலி பின்னால் உருண்டது. “அண்ணே, அடி கிடி பட்டுச்சா?”

தூண் மல்லாந்து கிடந்தபடி, கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி, தன் உடம்பின் வழியாகக் கீழே, தூரத்தில் இருக்கிற தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். தினமும் காலையில் தம்பியின் போர்வையை விலக்கிவிட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தேன். காலுறைக்குள் வலது கட்டைவிரல் அசைந்தது. பிறகு இடது. பிறகு எல்லாம் ஒன்றாக மடங்கி விரிந்தன. இன்னொரு முறை. இன்னொரு முறை. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருந்தது. கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

“ஒண்ணுமில்ல” என்றான்.

இன்ஜினியருக்கு மூச்சு வந்தது. திரைக்குப் போய்ப் பார்த்தார். “விழுந்தது பிரமாதம். ஆனா தோள் புள்ளி மடங்கினதுல மறைஞ்சுபோச்சு.” தயங்கினார். “இன்னொரு தடவை முடியுமா? கஷ்டம்னா வேற ஆளை வரச் சொல்றேன்.”

“வேற ஆள் வேணாம்” என்றான் தூண்.

கையை ஊன்றி, முட்டி போட்டு, எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து என் முன்னால் நின்றான். நான் கையை நீட்டவில்லை. அவனே தன் மணிக்கட்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் மூடிக்கொண்டன. கட்டைவிரலுக்கு அடியில் அவன் நாடி குதித்தது.

“எப்ப விடுவ?” என்று கேட்டான். “அதை மட்டும் சொல்லிடு.”

நான் சொல்லவில்லை.

இன்ஜினியர் கையைத் தூக்கினார். தூணின் குதிகால்கள் தகட்டைவிட்டு மெல்ல எழும்பின.