தொண்ணூற்றாறு சதவீதம் உறுதி

நைரோபியில் மூன்று வருடமாக எனக்கு ஒரே வேலை. ஒரு கேள்விக்குச் செயற்கை அறிவு இயந்திரம் எழுதும் இரண்டு பதில்களைத் திரையில் அருகருகே காட்டுவார்கள். அதில் நல்லதை நான் சொடுக்க வேண்டும். அதைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். ஒரு கேள்விக்குத் தொண்ணூறு வினாடிதான் நேரம். அதற்குள் எந்த மகராசி போய் உண்மையைத் தேடிக்கொண்டிருப்பாள்? தயங்காமல் பேசுகிற பதில் எதுவோ அதையே சொடுக்குவோம். வேலையில் சேர்ந்த புதிதில் 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்ற பதிலை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் கிலோன்சோ எல்லோர் முன்னாலும், "சியோம்புவா, காசு குடுக்கிறவனுக்குத் தலையைச் சொறியுற பதிலா வேணும்?" என்றார். அதோடு எனக்குப் புத்தி வந்தது. இயந்திரத்துக்கும் வந்தது.

பதிலின் கீழே எத்தனை சதவீதம் உறுதி என்றும் அது போடும். அந்த எண் எதையும் எடைபோட்டுப் பார்த்து வருவதில்லை; பதிலைப் போலவே அதுவும் வாய்க்கு வந்த ஒரு சொல்தான். இதைப் பற்றி ஊரில் நான் மூச்சுவிட்டதில்லை. "அதுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறதே நாங்கதான்" என்று பீற்றிக்கொண்டதோடு சரி.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சோளமும் பயறும் இன்னும் சூடாக இருந்தன. கித்துயி பக்கம் கிராமத்தில் இருக்கும் என் தங்கை தென்யா போனில் அழைத்தாள்.

"அக்கா, கசீவா மண்ணெண்ணெயைக் குடிச்சிட்டாக்கா! சோடா பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன், பாவி நான்!"

கசீவா அவள் மகள். மூன்று வயது.

"எவ்வளவுடி குடிச்சா?"

"ரெண்டு வாய் இருக்கும். இருமிக்கிட்டே இருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போக மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லிவிட்டிருக்கேன், இன்னும் வரல. போன்ல உங்க இயந்திரத்துக்கிட்ட கேட்டேன், உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வையின்னுது. கரைச்சிட்டேன். தொண்ணூத்தாறு சதவீதம் உறுதின்னு போட்டிருக்குக்கா."

தொண்ணூற்றாறு. அப்படிப்பட்ட எண்களைப் பார்த்து எத்தனை ஆயிரம் முறை சொடுக்கியிருப்பேன்!

"குடுக்காத, இருடி!" என்று கத்திவிட்டு, என் மேசைத் திரையில் அதே இயந்திரத்தைக் கேட்டேன். 'மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கலாமா?' 'கூடவே கூடாது. தொண்ணூற்றைந்து.' கேள்வியை மாற்றிப் போட்டேன். 'குழந்தை குடித்த மண்ணெண்ணெயை எப்படி வெளியே எடுப்பது?' 'உப்புத்தண்ணீர் கொடுங்கள். தொண்ணூற்றாறு.'

நாசமாய்ப் போக! பக்கத்து மேசைக்காரியின் போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. வாந்தி எடுத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒன்றும் பிடிபடவில்லை.

"தென்யா, வாந்தி வேண்டாம்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? அது தொண்ணூத்தாறுங்குது, நீ நெனைக்கிறேங்குற! என் புள்ள செத்துப்போயிரும்க்கா! வாயைத் திற கண்ணு, குடி, குடிச்சிரு..."

டம்ளரின் சத்தம் போனில் கேட்டது. நான் சொல்வது தப்பாக இருந்தால் அந்தப் பிள்ளையைக் கொன்றவள் நான்தான். பேசாமல் இருந்தாலும் நான்தான். அப்போது என் குரல் தானாக மாறியது.

"கீழ வைடி அதை. எனக்கு நூத்துக்கு நூறு தெரியும். வாந்தி எடுத்தா எண்ணெய் நுரையீரலுக்குப் போயிரும். ஒண்ணும் குடுக்காத. நிமித்தி உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போ."

ஒரு 'ஒருவேளை' இல்லை, ஒரு 'நினைக்கிறேன்' இல்லை. திரையில் வந்திருந்தால் யோசிக்காமல் சொடுக்கியிருப்பேன்.

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சரிக்கா" என்றாள். தூரத்தில் மோட்டார் சைக்கிளின் சத்தம் வந்தது. இணைப்பு அறுந்தது.

மூன்று மணி நேரம். சாப்பாட்டைத் தொடவில்லை. கழிப்பறையில் போய் நின்றுகொண்டு, கடவுளே, நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

ஒருவழியாகப் போன் வந்தது.

"அக்கா, மூச்சு சீரா இருக்காம். ராத்திரி வரைக்கும் வச்சுப் பாக்கணுமாம். வாந்தி எடுக்க வச்சிருந்தா கதையே வேறன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீ மட்டும் அவ்வளவு உறுதியாச் சொல்லலேன்னா நான் குடுத்திருப்பேன்க்கா."

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"இங்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கக்காவுக்குத் தெரியாதது இல்லேன்னு. இனிமே போனை எவ கேப்பா? பக்கத்துக் கட்டில்ல கட்டுங்கேன்னு பேருள்ள ஒருத்தி, அவ பையனுக்குக் கையெல்லாம் தடிச்சிருக்கு. இங்க குடுத்த மாத்திரையாலதானோ, அதை நிறுத்தலாமான்னு உன்கிட்ட கேக்கச் சொல்றா."

"எனக்குத் தெரியாதுடி."

அவள் சிரித்தாள். "விளையாடாதக்கா. அவ மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா."