ஆளுக்கு இரண்டு நாள் விடுப்பு

அவளுக்குப் பகல் ஷிஃப்ட். கணவனுக்கு இரவு ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு நூற்பாலை வாசலில் வீட்டுச் சாவி கைமாறும். வார விடுமுறையும் வேறு வேறு நாள். ஒரே ஷிஃப்ட் கிடைக்கட்டும், அப்புறம் குழந்தை என்று காப்பர்-டி போட்டுக்கொண்டாள். ஐந்து வருடம் ஆயிற்று. ஷிஃப்ட் கிடைக்கவில்லை. இனிப் பொறுக்க முடியாது என்று போன மாதம் அவள்தான் சொன்னாள்.

எடுப்பதை ஆபரேஷன் என்று நினைத்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள். போர்வை, ஃபிளாஸ்க், மாற்றுப் புடவை என்று அவன் ஆஸ்பத்திரிக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான்.

நர்ஸ் பையைப் பார்த்தாள்.

"என்ன சார், குடி வந்துட்டீங்களா?"

உள்ளே டாக்டரம்மா விளக்கைத் திருப்பினார். "காப்பர்-டி நூல் நல்லாத் தெரியுது. ஒரு தடவை இருமும்மா."

இருமினாள். அடிவயிற்றில் சுருக்கென்று ஓர் இழுப்பு.

"அவ்வளவுதான்."

"எடுத்தாச்சா?"

டாக்டரம்மா தட்டைக் காட்டினார். தீக்குச்சி நீளம்கூட இல்லை. இதுவா இத்தனை வருடம் மறித்துக்கொண்டு நின்றது?

"ரெண்டு மூணு நாள் லேசா ரத்தம் படும். வயிறு இழுத்துப் பிடிக்கும், மாத்திரை தரேன். ரொம்பப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வந்துடு."

"குழந்தை எப்ப டாக்டர்?"

"இந்த மாசமேகூட நிக்கலாம். சிலருக்குக் கொஞ்சம் மாசம் ஆகும். வீட்டுக்காரர் கூடத்தானே இருக்கார்?"

"ஒரே வீடுதான் டாக்டர்," என்றாள்.

பத்து மணிக்கு வீட்டில் இருந்தார்கள்.

"லீவை ரத்து பண்ணிடலாமா?" என்றான்.

"பண்ணித்தான் பாருங்களேன்."

சிரித்தான். ஒரு நிமிஷம் என்று படுத்தவன் தூங்கிவிட்டான். அந்த உடம்புக்கு அது தூங்கும் நேரம்.

ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முழங்கையைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கினான். இப்படித்தான் தினமும் தூங்குவான் போல. உதடு லேசாகத் திறந்திருந்தது. கழுத்தோரம் ஒரு பஞ்சுத் துணுக்கு. எடுத்தாள். அவன் அசையவில்லை. பாவம், தூங்கட்டும் என்று பதினொன்று வரை பார்த்தாள்.

பிறகு தோளைத் தொட்டாள்.

"என்னங்க."

பதறி எழுந்தான். "வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

அவன் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டான்.