உசனார் டாக்குத்தரின் குளிசை

கம்பவுண்டர் கதவைத் திறந்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டபோது, புஸ்பம் அப்பாவின் முதுகைத் தன் தோளில் தாங்கியபடி விறாந்தை வாங்குப் பலகையில் இருந்தாள். கூப்பிட்டது அவர்களுடைய நம்பர் இல்லை. அவர்களுக்கு முன்னால் விறாந்தையின் அரைவாசிச் சனம் இருந்தது.

அப்பா வினாயகமூர்த்தி வாயால் மூச்சை இழுத்தார். படுத்தால் மூச்சு முட்டும்; மாசக்கணக்காகக் குந்தி இருந்தபடிதான் நித்திரை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. போன வருசம் வரைக்கும் வயல் வட்டையிலிருந்து நெல்லு மூடை சுமந்தவர், இப்போது கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

வாவிக்கு மேற்கே, அவர்கள் இருக்கும் படுவான்கரையில், டாக்குத்தர் என்று ஒருவரும் இல்லை. சண்டை தொடங்கியதோடு போனவர்கள் திரும்பவில்லை. டவுணில் ஒருவர் நெஞ்சில் குழாயை வைக்காமலே மருந்து எழுதித் தந்தார். இன்னொருவர் "வயசு போனா இப்பிடித்தான்" என்றார். கடைசியில் யாரோ காத்தான்குடி உசனார் டாக்குத்தரைச் சொன்னார்கள். தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அவர்கள் ஊரிலிருந்து ஒருவரும் காத்தான்குடிக்குள் போனதில்லை. அங்கிருந்தும் ஒரு புடவை யாவாரிகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. புஸ்பம் தயங்கித் தயங்கித்தான் அப்பாவிடம் சொன்னாள்.

"நல்ல டாக்குத்தரெண்டாப் போவம் மகள்" என்றார்.

உசனார் நல்ல டாக்குத்தர் என்பதுதான் கரைச்சலாக இருந்தது. மற்றவர்கள் விறாந்தை முழுவதையும் பார்த்து முடிக்கிற நேரத்தில் உசனார் நாலைந்து பேரைத்தான் பார்ப்பார். காத்தான்குடிச் சனம் விடியச் சுபஹுத் தொழுகையோடு வந்து நம்பர் எடுத்துவிடும். வாவிக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு, ஆமிக்காரன் துறையடியில் சென்றிச் சாவடியைத் திறந்து, வாவியைக் கடக்கிற பாதை ஓடத் தொடங்கிய பிறகுதான் விடிவு. இரண்டு தெப்பங்களைப் பிணைத்துப் பலகை அடித்த அந்தப் பாதையைக் கம்பியைப் பிடித்து இழுத்து இக்கரை சேர்க்கும்போது வெயில் ஏறிவிடும். பின்னேரம் கடைசிப் பாதை போவதற்குள் திரும்பவும் வேண்டும். இரண்டு தரம் வந்து, நம்பர் வருவதற்கு முதல் எழும்பிப் போயிருந்தார்கள். புஸ்பத்தின் புருசன் வர ஏலாது. இளம் ஆம்பிளைகளைச் சென்றியில் மறித்தால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் இருந்த பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஒங்கட வாப்பாவா?"

"ஓம்."

"எங்க இருந்து வாறீங்க?"

புஸ்பம் ஊரைச் சொன்னாள். சொன்னதும் விறாந்தையில் சிலர் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. அந்தப் பெண் மட்டும் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னுடைய நம்பர் துண்டைப் புஸ்பத்தின் மடியில் வைத்தாள்.

"எனக்குச் சீனி வருத்தம். மாசாமாசம் வாறதான். நீங்க முன்னுக்குப் போங்க."

"நாங்களும் விடிய வந்து இருக்கம் நஸீறா" என்று பின்னாலிருந்து ஒரு ஆள் சத்தம் போட்டார்.

"அந்த மனிசன்ட மூச்சக் கேளுங்க காக்கா. கேட்டுப்போட்டுக் கதைங்க."

கம்பவுண்டர் அடுத்துக் கூப்பிட்டது அந்தத் துண்டின் நம்பரை.

உசனார் டாக்குத்தர் நரைத்த தாடியோடு மெலிந்த மனிதர். அப்பாவின் முதுகிலும் நெஞ்சிலும் குழாயை மாற்றி மாற்றி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அப்பாவின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, வீக்கத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். வாவிக்கரைச் சேறு அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் பட்டது. அப்பா கூச்சத்தோடு காலை இழுக்கப் பார்த்தார்.

"விடுங்க, விடுங்க. கருவாடு தின்னுறயா?"

"அது இல்லாமச் சோறு இறங்காது ஐயா."

"இனிமே இறங்கணும்." சிரித்துவிட்டுப் புஸ்பத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "நெஞ்சு களைச்சுப் போச்சு. நீர் கட்டியிரிக்கு. இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க மகள்?"

வெளியில, உங்கட வாங்கில என்று புஸ்பத்தின் வாய் வரைக்கும் வந்தது.

ஆஸ்பத்திரியில் வைக்கத்தான் வேண்டும் என்றார். அப்பா மறுத்துத் தலையை ஆட்டினார். "ஊட்ட போறன் ஐயா. மருந்தத் தாங்க, குடிக்கிறன்." டாக்குத்தர் புஸ்பத்தின் முகத்தைப் பார்த்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள், வெளியே வர ஏலாத புருசன், நாளைக்குத் திறக்குமோ என்று தெரியாத சென்றி. அவளும் வீட்டுக்கென்றே தலையாட்டினாள்.

அவர் ஊசி போட்டார். நீர் போகிற குளிசை, நெஞ்சுக் குளிசை என்று இரண்டு வகையை ஒரு மாசத்துக்குக் கட்டிக் கொடுத்தார். சென்றியில் காட்டச் சொல்லி ஒரு துண்டும் எழுதினார்.

"வெயில்ல நிக்க விடாதீங்க" என்றார்.

ஓட்டோ அவர்களைத் துறையடியில் இறக்கியபோது வெயில் தணிந்திருக்கவில்லை. சென்றியில் நின்றவன் முகத்தில் மீசை இன்னும் சரியாக அரும்பாத சிங்களப் பொடியன். புஸ்பத்தின் பையைக் கொட்டிப் பார்த்தான். குளிசைகளைக் கண்டதும் தனியே எடுத்து வைத்தான். டாக்குத்தரின் துண்டை நீட்டினாள். அவனால் அதை வாசிக்க முடியவில்லை.

"மருந்து அக்கரைக்குக் கொண்டு போக ஏலா. இயக்கத்துக்குப் போகும். சேர் வரணும்."

"சேர் எப்ப வருவார்?"

அவன் தோளைக் குலுக்கினான்.

மருந்து இல்லாத ஆட்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பாதை ஒருமுறை போய் வந்தது. வேலியோரத்தில் ஒரு பூவரசு நின்றது. அதன் நிழல் பாதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. அப்பாவை மண்ணில் இருத்தித் தானும் ஒட்டி இருந்து, சீலைத் தலைப்பை அவருடைய தலைக்கு மேலே பிடித்தாள்.

"மகள், அதக் குடுத்துப்போட்டு வாகா. போவம்."

"இவ்வளவு பாடுபட்டு எடுத்த மருந்தப்பா. மறுகா எப்ப வாற? கொஞ்சம் பொறுங்க."

"சரி, சரி."

அப்பா தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தன்ட மடியில தூக்கி வச்சான் பார்த்தியா. சேத்தோட. ஒருத்தரும் அப்பிடிப் பார்க்கல்ல."

"ஓம் அப்பா."

"நல்ல மனிசன்" என்று சொல்லி அவள் தோளில் சாய்ந்தார்.

பாதை மறுபடி அக்கரைக்குப் போனது. கம்பி முனகுகிற சத்தம் தண்ணீருக்கு மேலாக வந்தது. கரையில் சிற்றலை தட்டுவதும், எங்கோ ஒரு நீர்க்காகம் சிறகடிப்பதும் கேட்டது. இதெல்லாம் ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று புஸ்பம் நினைத்தாள். மாசக்கணக்காக இரவும் பகலும் காதுக்குள் இருந்த அந்த மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

அவள் அசையவில்லை. தலைப்பைப் பிடித்த கையையும் இறக்கவில்லை.

மண்ணெண்ணெய்க் கானுக்கு அனுமதி கேட்டுக் காத்திருந்த நல்லரத்தினம் அண்ணன் முதலில் கண்டுகொண்டார். பக்கத்து ஊர்க்காரர். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, எதையோ தேடுகிறவர்போல அவள் அருகில் குந்தி அப்பாவின் கையைத் தொட்டார்.

"அழாத புள்ள" என்றார் மெதுவாக. "இப்ப சொன்னியெண்டா சவத்த டவுணுக்குக் கொண்டுபோடுவானுகள். பொலிசு, விசாரணை எண்டு மறிப்பானுகள். மனிசன ஊட்ட கொண்டுபோவம். பல்லக் கடிச்சிக்க."

புஸ்பம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பொடியன் சொன்ன சேர், சென்றிக்குப் பெரியவன், ஜீப்பில் வந்தான். துண்டை வாசித்தான். குளிசைகளை மேசையில் கொட்டி, ஒரு பங்கை மட்டும் கடுதாசியில் சுற்றி அவள் பக்கம் தள்ளினான்.

"கிழவனுக்கு இது காணும்" என்றான்.

அவள் எடுத்துக்கொண்டாள்.

நல்லரத்தினம் அண்ணன் கானைக் கரியரிலிருந்து இறக்கி வைத்தார். அதை எடுத்துப் போக மறந்தவர்போல, பிறகு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இருவருமாக அப்பாவைத் தூக்கிக் கரியரில் இருத்தினார்கள். அவர் சைக்கிளை உருட்ட, புஸ்பம் பின்னாலிருந்து அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவருடைய தலை முன்னால் தொங்கியது. ஒரு கையால் அதை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துப் பிடித்தாள்.

மறிப்புத் தடியை உயர்த்த வந்த பொடியன் நின்றான்.

"அப்பா நித்திரை?"

"ஓம். நித்திரை."

அவன் கிட்ட வந்து குனிந்து பார்த்தான். புஸ்பத்தின் நெஞ்சு அப்பாவின் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த இடி அவருடையதுபோல வெளியே தெரியட்டும் என்று அவள் இன்னும் இறுக்கினாள். பொடியன் கையை நீட்டினான்; தொடவில்லை. மேசையில் இருந்த பெரியவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தன் தொப்பியைக் கழற்றி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு தடியை உயர்த்தினான்.

"போங்க அம்மா. கெதியாப் போங்க."

பாதையில் ஏழெட்டுப் பேர் ஏறியிருந்தார்கள். சந்தைக்குப் போய் வருகிற பெண்கள், ஒரு வாத்தியார், பால்காரர் ஒருவர். எல்லாரும் களைத்துப்போய் ஓரப்பலகையில் இருந்தார்கள். சைக்கிளைப் பலகை மேல் ஏற்றும்போது அப்பாவின் ஒரு கை நழுவி விழுந்து ஆடியது. பால்காரர் அதை எடுத்து அவருடைய மடியில் வைத்தார். நல்லரத்தினம் அண்ணன் கம்பியைப் பிடித்து இழுக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டார்.

கரை விலகியது. சென்றியின் மண்மூடைகள் சிறிதாகின. முதலில் வாத்தியார் எழுந்தார். பிறகு பெண்கள், தங்கள் கூடைகளைக் காலடியில் வைத்துவிட்டு. ஓரப்பலகையில் குந்துவதற்கு இடம் நிறைய இருந்தது. அக்கரை வரும்வரைக்கும் ஒருவரும் திரும்பக் குந்தவில்லை.