ஆடும் கல்

"பாத்து, அந்தக் கல்லை மிதிக்காதீங்க, ஆடும்" என்று அழுகைக்கு நடுவிலும் அம்மா சொன்னாள். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்கள் காலை அகட்டி வைத்துத் தாண்டினார்கள். காலையிலிருந்து துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் இதைச் சொல்லியாகிவிட்டது. சொல்லும்போதெல்லாம் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

ஊரில் பாதி வீடுகளுக்கு டைல்ஸ் போட்டவன் அவன். அப்பாவின் மாடி வீட்டுக்கு மட்டும், வேறெங்கோ மிஞ்சியதைக் கொண்டுவந்து ஒரே மத்தியானத்தில் ஒட்டிவிட்டுப் போனான். அது மரப்பலகைத் தரை. பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்கி, மேலே சிமென்ட் பலகை அடித்து, அதற்கப்புறம்தான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். மரம் அசையும், சிமென்ட் அசையாது. தெரியாதவனா அவன்? நம் வீடுதானே என்று நேரே பலகைமேல் ஒட்டினான். சீக்கிரமே கூடத்து நடுவிலிருந்த டைல்ஸ் கல் ஆட ஆரம்பித்தது. அப்பா போன் பண்ணும்போதெல்லாம், "அடுத்த வாரம் வர்றேம்பா" என்பான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நேற்று மத்தியானம் படுத்தவர், யாருக்கும் தொந்தரவில்லாமல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கீழ்வீட்டுத் தையல்காரர் அவன் தோளில் கை வைத்தார்.

"உங்கப்பாவுக்கு வேண்டாத வேலை தம்பி. நீ இருக்கும்போது அவரே உக்காந்து ஒட்டியிருக்காரு பாரு."

"எதை?"

"இந்தத் தரையைத்தான். யார் கேட்டாலும் சொல்வாரே, 'எம் பையன் போட்டா இப்படியா ஆடும்? அவனுக்குத் தெரியாம நானே போட்டேன்'னு. நாங்க கொத்தனாரேன்னு கூப்பிட்டுக் கேலி பண்ணுவோம். சிரிச்சுக்குவாரு."

அம்மா தலையைத் தூக்கி மகனைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

"நீயும் பேத்துப் போட்டிருக்கலாம்" என்றார் தையல்காரர். "அவர் மனசு நோகும்னு விட்டு வச்சிருக்கே. எம் பிள்ளையா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பான். நல்ல பிள்ளைப்பா நீ."

"இல்லைங்க, அது…" என்று வாயெடுத்தான். தையல்காரர் காத்திருந்தார். அவர் பக்கத்தில், அடுத்த மாதத்துக்கு அவனிடம் தரை வேலை கொடுத்திருக்கும் ஒரு வீட்டுக்காரர் நின்றிருந்தார். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் அவன் கெட்டியாக ஒட்டியது அது ஒன்றுதான்.

"தூக்கலாமா?"

தையல்காரர் முன்னால் பிடித்தார். மகன் தலைமாட்டில் பிடித்தான். "கல்லு, கல்லு" என்றாள் அம்மா. மற்றவர்கள் தாண்டினார்கள். அவன் தாண்டவில்லை. காலை அழுத்தி அதன்மேலேயே வைத்தான். டக்கென்று சத்தம் கேட்டது.

முன்னால் போன தையல்காரர் திரும்பாமலே சொன்னார், "போய்ட்டு வாங்க, கொத்தனாரே."

அவர் குரல் உடைந்திருந்தது. கூடத்தில் சிலர் அழுதபடியே சிரித்துவிட்டார்கள்.

படி இறங்கும் முன் மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மா கூடத்து நடுவுக்கு வந்து, விலகிக் கிடந்த கல்லைக் கால்விரலால் பழையபடி தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.